திரைக்கு வெளியே போன எக்செல் விண்டோவைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவின் மாதக் கணக்கை எக்செல்லில் எழுதி வருகிறேன். கம்ப்யூட்டர் பழகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன வாரம் மகன் ஊருக்கு வந்திருந்தபோது லேப்டாப்பை வயர் போட்டு டிவியோடு இணைத்துக் கல்யாணப் படங்களைக் காட்டினான். அவன் கிளம்பிப் போன பிறகு எக்செல்லைத் திறந்தால் கீழே பச்சை ஐகான் மட்டும் தெரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பத்துத் தடவை க்ளிக் செய்துவிட்டேன். அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன். எக்செல்லை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். கணக்கெல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

வணக்கம் அம்மா. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். உங்கள் கணக்கு அப்படியேதான் இருக்கிறது, ஒரு எண்கூட அழியவில்லை. எக்செல்லும் கெட்டுப்போகவில்லை. நீங்கள் க்ளிக் செய்த ஒவ்வொரு தடவையும் அது ஒழுங்காகத் திறந்துதான் இருக்கிறது. திறந்த இடம்தான் உங்கள் கண்ணுக்கு எட்டாத இடம்.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கணக்கு ஃபைலைத் திறந்துவிட்டு, கீழே டாஸ்க்பாரில் இருக்கும் பச்சை ஐகான் மேல் மவுஸைக் கொண்டுபோய், க்ளிக் செய்யாமல் சும்மா ஒரு நொடி நிறுத்துங்கள். ஐகானுக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு சிறுபடம் எழும்பும். உற்றுப் பார்த்தால் அதில் உங்கள் கட்டங்கள், பெயர் வரிசை, சந்தா எழுதிய பத்தி எல்லாம் பொடிசாகத் தெரியும். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எக்செல்லை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டாம். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், கடையில் கேட்டால் பதில் சொல்ல உதவும். ஒரு புரோகிராம் தன்னுடைய விண்டோ கடைசியாக எந்த இடத்தில் நின்றது என்பதை உங்கள் பெயரிலுள்ள அமைப்புகளில் குறித்து வைக்கும். புரோகிராமை நீக்கினால் பெரும்பாலும் அந்தக் குறிப்பு நீங்காது. அதனால் ஒரு மணி நேரம் செலவழித்து எக்செல்லைத் திரும்பப் போட்டாலும், அது பழைய குறிப்பைப் படித்துவிட்டு அதே கண்காணாத இடத்தில் போய் நிற்க வாய்ப்பு உண்டு. சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் நானே இப்படி ஒரு புரோகிராமை இரண்டு தடவை நீக்கிப் போட்டேன். இரண்டு தடவையும் விண்டோ வரவில்லை. கடைசியில் இரண்டே கீயில் அது வந்து நின்றது. அன்றிலிருந்து யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் உட்கார்ந்து முழுசாக எழுதிவிடுகிறேன்.

இது எப்படி நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த தடவை பதற்றம் இருக்காது. திரை என்பது பொடிப்பொடிப் புள்ளிகளால் ஆனது. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி, வரிசை வரிசையாக. குறைந்த விலை லேப்டாப்கள் பலவற்றில் குறுக்கே 1366 புள்ளி, மேலிருந்து கீழாக 768 புள்ளி. இடது மேல் மூலையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விண்டோவும் எத்தனையாவது புள்ளியில் தொடங்குகிறது என்று விண்டோஸ் கணக்கு வைக்கிறது. உங்கள் மகன் டிவியை இணைத்ததும் விண்டோஸ் அதை இன்னொரு திரையாக எடுத்துக்கொண்டு, லேப்டாப் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டது. பக்கத்து வீட்டுத் திண்ணையையும் சேர்த்துக் கோலத்தை நீட்டுவது போல. வழக்கமாக வலது பக்கம்தான் ஒட்டும். டிவி குறுக்கே 1920 புள்ளி உடையது என்றால், மொத்தக் களம் 1366-உம் 1920-உம் சேர்ந்து 3286 புள்ளி அகலம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் எக்செல் திறந்திருந்து, யாரோ அதை டிவிப் பக்கம் தள்ளியிருக்கிறார்கள். ஒரு 2000-ஆவது புள்ளியில் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே அது மூடப்பட்டது. எக்செல் “என் இடம் 2000” என்று குறித்துக்கொண்டது.

இப்போது டிவி இல்லை. களம் 1366-ஓடு முடிந்துபோகிறது. எக்செல்லோ தன் குறிப்பைப் பார்த்து 2000-ஆவது புள்ளியில் போய் நிற்கிறது. அந்த இடத்தில் பார்ப்பதற்குத் திரை இல்லை, அவ்வளவுதான் விஷயம். டிவியை இடது பக்கமாக வைத்து அமைத்திருந்தால் எண்கள் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸில் போகும். விளைவு ஒன்றுதான்.

சாதாரணமாக வயரைப் பிடுங்கியதும், அந்த நேரத்தில் திறந்திருக்கும் விண்டோக்களை விண்டோஸே இருக்கிற திரைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். மூடிவிட்டுப் பிறகு திறக்கும் புரோகிராம்களில்தான் இந்தச் சிக்கல் வரும். தான் குறித்து வைத்த இடம் இன்னும் இருக்கிறதா என்று திறக்கும்போது பார்த்துக்கொள்வது புரோகிராம் எழுதியவர்களின் பொறுப்பு. விண்டோஸில் ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளைச் சேர்க்கும் வசதி 1998-இல் விண்டோஸ் 98-ஓடு வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அதைச் சரிபார்க்காத புரோகிராம்கள் இருக்கின்றன. தவறு உங்கள் மேல் துளியும் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் லேப்டாப்பின் பக்கவாட்டில் பாருங்கள். அந்த டிவி வயர் இன்னும் சொருகியபடி இருக்கிறதா? இருந்தால் பிடுங்கிவிடுங்கள். மறுமுனையில் டிவி அணைந்திருந்தாலும், வயர் இருக்கும்வரை சில டிவிகள் “நான் இருக்கிறேன்” என்று லேப்டாப்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். விண்டோஸும் அதை நம்பி விண்டோவை அங்கே அனுப்பிக்கொண்டிருக்கும். வயரைப் பிடுங்கியதும் விண்டோஸ் கீயை, அதாவது கீழ் வரிசையில் நான்கு கட்டம் போட்ட அந்தக் கீயை அழுத்திப் பிடித்தபடி ‘பி’ (P) எழுத்தை ஒரு தடவை தட்டுங்கள். திரையின் ஓரத்தில் நான்கு வரி கொண்ட ஒரு பெட்டி வரும். முதல் வரி ‘பிசி ஸ்கிரீன் ஒன்லி’. அதைத் தேர்ந்தெடுங்கள். பல வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடும். எக்செல்லை மூடித் திறந்து பாருங்கள்.

வரவில்லை என்றால் அடுத்தது. இதுதான் நம்பகமான வழி. நிதானமாக ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

டாஸ்க்பாரில் பச்சை ஐகானை ஒரே ஒரு தடவை க்ளிக் செய்யுங்கள். திரும்பத் திரும்பக் க்ளிக் செய்தால் முதல் க்ளிக்கில் எழுந்த விண்டோ இரண்டாவது க்ளிக்கில் ஒடுங்கிக்கொள்ளும், மூன்றாவதில் எழும். கண்ணுக்குத் தெரியாததால் எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாமல் போகும். ஐகானுக்குக் கீழேயுள்ள சின்னக் கோடு நீளமாகத் தெரிந்தால் எக்செல் எழுந்து நிற்கிறது, இப்போது கீபோர்டில் தட்டுவது அதற்குத்தான் போகும் என்று அர்த்தம்.

அடுத்து ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். ஆல்ட், ஸ்பேஸ் பாருக்கு இடது பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கும். தட்டியதும் இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒரு சின்ன மெனு வரும். ரீஸ்டோர், மூவ், சைஸ், மினிமைஸ், மேக்ஸிமைஸ், க்ளோஸ் என்று ஆறு வரி. விண்டோவே திரைக்கு வெளியே இருப்பதால் மெனு எங்காவது திரை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தெரியலாம், ஆச்சரியப்பட வேண்டாம்.

அதில் ‘மூவ்’ வேண்டும். ‘எம்’ எழுத்தைத் தட்டினால் போதும். ஆனால் நீங்கள் தமிழில் தட்டச்சு செய்கிறவராகத் தெரிகிறது. தமிழ்க் கீபோர்டு இயக்கத்தில் இருந்தால் ‘எம்’ தட்டும்போது கம்ப்யூட்டருக்கு ஒரு தமிழ் எழுத்து போய்ச் சேரும், மெனு அசையாமல் நிற்கலாம். அப்படி நடந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். இல்லாவிட்டால் கீழ் அம்புக்குறியை அழுத்தி மூவ் வரிக்கு இறங்கி என்டர் தட்டுங்கள்.

மூவ் மங்கலாக, சாம்பல் நிறத்தில் இருக்கிறதா? அப்படியானால் விண்டோ முழுத்திரையாக விரிந்த நிலையிலோ ஒடுங்கிய நிலையிலோ இருக்கிறது. அந்த நிலைகளில் நகர்த்த விடாது. ரீஸ்டோரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மறுபடி ஆல்ட்-ஸ்பேஸ், மறுபடி மூவ்.

மூவ் கொடுத்தபின் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். இங்கேதான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். விண்டோ உங்கள் அம்புக்குறி கீக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. டிவி வலது பக்கம் ஒட்டியிருந்தது என்றால் விண்டோ வலது பக்கம் வெளியே இருக்கிறது, இடது அம்புக்குறியை அழுத்த வேண்டும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் திரையின் வலது விளிம்பில் நூல் மாதிரி ஒரு கோடு முளைக்கும். பிறகு அது பட்டையாகும், எக்செல்லின் மேல்பட்டை நுழையும், பின்னாலேயே ஏ, பி, சி என்று பத்தித் தலைப்புகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். அதைப் பார்க்கும் சந்தோஷத்தை நீங்களே அனுபவிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பாதிக்கு மேல் வந்ததும் என்டர் தட்டினால் அங்கேயே நின்றுவிடும். ஐந்தாறு நொடி பிடித்தும் ஒன்றும் வரவில்லை என்றால் வலது அம்புக்குறியைப் பிடித்துப் பாருங்கள்.

இன்னும் வேகமான ஒரு வழி உண்டு. மூவ் கொடுத்து, ஏதாவது ஓர் அம்புக்குறியை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு, கீபோர்டிலிருந்து கையை எடுத்து மவுஸை அசையுங்கள். எங்கோ இருந்த விண்டோ ஓடிவந்து மவுஸ் முனையில் ஒட்டிக்கொள்ளும். வேண்டிய இடத்துக்கு நகர்த்தி ஒரு க்ளிக் செய்தால் அங்கே இறங்கிவிடும். அந்த ஒரு தட்டு முக்கியம், அது இல்லாமல் ஒட்டாது. நடுவில் எஸ்கேப் கீயை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் விண்டோ பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விடும்.

இந்த ஆல்ட்-ஸ்பேஸ் மெனு மிகப் பழையது. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இலும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. மவுஸ் இல்லாத மேசைகளும் இருந்த காலத்தில், கீபோர்டை மட்டும் வைத்து விண்டோவை நகர்த்த ஏற்பாடு செய்திருந்தார்கள். மவுஸ் எட்டாத இடத்தில் விண்டோ போய் நிற்கும்போது இன்று நமக்கு அதே ஏற்பாடு கைகொடுக்கிறது.

ஆல்ட்-ஸ்பேஸ் தட்டினால் மெனுவுக்குப் பதில் தேடல் பெட்டி மாதிரி வேறு ஏதாவது வருகிறது என்றால், பிறகு சேர்த்த ஏதோ ஒரு புரோகிராம் அந்தக் கீ இணைப்பைத் தனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. கவலை இல்லை, அதே மெனுவை மவுஸாலும் வரவழைக்கலாம். ஐகான் மேல் மவுஸை நிறுத்தி, அந்தத் தீப்பெட்டிச் சிறுபடம் வந்ததும் அதன் மேல் போய் வலது க்ளிக் செய்யுங்கள். அதே ஆறு வரி வரும். ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஐகானையே வலது க்ளிக் செய்தாலும் வரும். ஆனால் இரண்டு மூன்று எக்செல் ஃபைல் திறந்திருந்தால் அங்கே வேறு மெனு வரும், அதில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடும் வரியும் இருக்கும். அதனால் உங்களுக்குச் சிறுபட வழியே நல்லது.

இந்த மெனுவில் மேக்ஸிமைஸ் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் போதாதா என்று தோன்றும். கொடுத்தால் விண்டோ கண் முன்னால் முழுத்திரையாக வந்து நிற்கும், உண்மைதான். அவசரத்துக்கு அது நல்ல வழி, கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எக்செல் தன்னுடைய பழைய இடத்தை மறக்கவில்லை. மேல் மூலையில் உள்ள சதுரத்தை அழுத்தி நீங்கள் அதைச் சின்னதாக்கும் நேரத்தில் மறுபடி வெளியே ஓடிவிடும். சரியானதாக நினைத்த விண்டோ இரண்டாவது தடவை காணாமல் போகும்போது மனது இன்னும் கலங்கிவிடும். அதனால் மூவ் வழியாகக் கொண்டுவந்து இடத்தை உறுதிசெய்வதுதான் முழுத் தீர்வு. விண்டோஸ் கீயோடு இடது அம்புக்குறியைத் தட்டி, விண்டோவைத் திரையின் பாதியில் ஒட்டவைக்கும் வசதியும் 2009-இல் விண்டோஸ் 7-ஓடு வந்தது. அதில் விண்டோ வந்தால், மேல்பட்டையைப் பிடித்து ஒருமுறை இழுத்து நடுவில் விட்டுவிடுங்கள். டிவி இணைப்பில் இருக்கும்போதே விண்டோ அங்கே மாட்டிக்கொண்டால் விண்டோஸ் கீ, ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்துத் தட்டினால் ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குத் தாவும்.

விண்டோ வந்துவிட்டதா? இப்போது ஒரு வேலை பாக்கி. இதைச் செய்யாமல் விட்டால் நாளைக்கும் இதே கதை. விண்டோவை நடுவில் வைத்து, வேண்டிய அளவுக்கு இழுத்துச் சரிசெய்து, கணக்கைச் சேமியுங்கள். கன்ட்ரோல் கீயோடு ‘எஸ்’. பிறகு மூலையிலுள்ள பெருக்கல் குறியைத் தொட்டு முறையாக மூடுங்கள். இடத்தைக் குறித்து வைப்பதைப் பல புரோகிராம்கள் மூடும்போதுதான் செய்கின்றன. லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் புதிய இடம் பதிவாகாமல் போகும், பழைய 2000-ஏ மிஞ்சும். மூடிவிட்டு உடனே ஒரு தடவை திறந்து பாருங்கள். நடுவிலேயே திறந்தால் முடிந்தது.

இதோடு உறவுள்ள இன்னொரு தொல்லையும் உங்களுக்கு வரலாம். எக்செல் நன்றாகத் தெரியும், ஆனால் எங்கே க்ளிக் செய்தாலும் ‘டிங்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும், எதுவும் நகராது. அப்போது எக்செல் உங்களிடம் ஏதோ கேட்டு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்திருக்கிறது, பதில் வரும்வரை வேறெதையும் செய்யவிடாது. அந்தப் பெட்டி திரைக்கு வெளியே நிற்கிறது. எஸ்கேப் ஒரு தடவை தட்டினால் பெரும்பாலும் அது ரத்தாகிவிடும். அது என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இதே ஆல்ட்-ஸ்பேஸ், மூவ். அப்போது எக்செல் அசையாது, அந்தப் பெட்டிதான் நகர்ந்து வரும். என்டரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தட்ட வேண்டாம். கேள்வி தெரியாமல் சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

உயரம் குறைந்த திரையில் சில புரோகிராம்களின் பெட்டிகள் கீழே வழிந்து, ஓகே பட்டன் தெரியாமல் போவதும் இதே வகைதான். ஆல்ட்-ஸ்பேஸ், மூவ், மேல் அம்புக்குறி. பெட்டியின் தலை மேலே மறைந்துபோனாலும் பரவாயில்லை, பட்டன் கைக்கு வந்தால் போதும்.

உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று போய்ப் பாருங்கள். எந்தத் திரை இணைந்திருந்தபோது எந்த விண்டோ எங்கே இருந்தது என்பதை விண்டோஸே நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு வரி அங்கே உண்டு. அதில் டிக் இருக்கட்டும். அடுத்த தடவை மகன் வந்து படம் காட்டினால், வயரைப் பிடுங்குவதற்கு முன்னால் விண்டோஸ் கீயும் ‘பி’யும் தட்டி ‘பிசி ஸ்கிரீன் ஒன்லி’ கொடுக்கச் சொல்லுங்கள். எல்லா விண்டோவும் லேப்டாப்புக்குத் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வயரை எடுக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சின்ன விஷயத்துக்காக, முகம் தெரியாத யாராவது ஃபோனில் பேசி, தூரத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் ஆப்பைப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதைப் போட்டால் உங்கள் திரை முழுவதும் அவர்கள் கையில். அந்த லேப்டாப்பில் பல பேருடைய சேமிப்புக் கணக்கு இருக்கிறது. மகன் அந்த ஆப்பில் வந்தால் சரி, மற்றவர்களுக்கு வேண்டாம்.

மகனிடம் ஃபோனில் கேட்டுச் செய்வதாக இருந்தால் இந்தப் பதிலை அவருக்கும் காட்டுங்கள். தம்பி, அம்மாவிடம் “மூவ் ஆப்ஷனுக்குப் போ” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு கீயைச் சொல்லிவிட்டு, “இப்போது என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள். அம்மா திரையில் இருப்பதை வாசித்து முடித்த பிறகு அடுத்த கீ. என் சித்தியோடு இப்படித்தான் ஃபோனில் செய்தோம். ஸ்பேஸ் பார் எது என்பதில் தொடங்கி விண்டோ நடுவில் வந்து நிற்கக் கால்மணி நேரம் ஆனது. அடுத்த மாதம் அதே சிக்கல் வந்தபோது சித்தி என்னைக் கூப்பிடவே இல்லை, தானே கொண்டுவந்துவிட்டு அப்புறம்தான் சொன்னார்.

அம்மா, நீங்கள் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். மெனு வந்தும் மூவ் மங்கலாகவே இருந்தால், ரீஸ்டோர் கொடுத்த பிறகு என்ன மாறியது என்று சொல்லுங்கள். சிறுபடமே வரவில்லை என்றால் விண்டோஸ் கீயும் டேப் கீயும் சேர்த்துத் தட்டுங்கள், அங்கே ‘டெஸ்க்டாப் 2’ என்று ஒன்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதைத் திறந்துவிடுங்கள், எக்செல் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்.